நீலமலையும் நிழல் தேடிய துரைத்தனமும்

கோடை பிறந்துவிட்டால் நம்மவருள் வசதியுடையோர் உள்ளம் நீலகிரியை நோக்கி விரைகின்றது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, சமவெளியின் கொடிய வெயில், மலர்க்காட்சி, மலை ரயில் ஆகிய யாவும் ஒன்றுகூடி அவர்களை உதகமண்டலத்திற்கு அழைத்துச் செல்கின்றன. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயினும், நம் சங்கத்து அன்பர் சிலர், அம்மலையில் நம் குலத்தாருக்கு மட்டுமே உரியதாக ஒரு கோடை இல்லம் எழுப்புதல் வேண்டும் என்னும் கருத்தை அண்மைக் காலமாக வெளியிட்டு வருகின்றனர். அக்கருத்து நல்லெண்ணத்தால் எழுந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும், பொருளைத் திரட்டுவதற்கு முன்னர் வரலாற்றைத் திரட்டிப் பார்த்தல் அறிவுடைமையாம். அம்மலை எவ்வாறு ஒரு கோடை வாசஸ்தலமாயிற்று, அதனால் நலம் பெற்றவர் யாவர், நலம் இழந்தவர் யாவர் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மலையின் பழமை

நீலகிரியை ஆங்கிலேயர் கண்டுபிடித்தனர் என்று பலரும் கூறக் கேட்டிருக்கின்றோம். மக்கள் குடியிருந்து, எருமை மேய்த்து, சாமை விதைத்து, தெய்வம் தொழுது வந்த ஓரிடத்தைப் பிறிதொருவர் வந்து கண்டுபிடித்தார் என்பது நகைப்பிற்குரியது. நம் வீட்டு முற்றத்தில் அயலான் ஒருவன் வந்து நின்று, 'இவ்வீட்டைக் கண்டுபிடித்தவன் யானே' என்பானாயின் நாம் ஒப்புவோமா?

சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில், சேரன் செங்குட்டுவன் வடதிசை நோக்கிப் படையெடுத்துச் செல்லுங்கால் நீலகிரியில் தங்கினான் என்னும் செய்தி வருகின்றது. அந்நீலகிரி இம்மலைதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை விடுத்தாலும், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்து 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகின்றது. அவனுடைய தண்டநாயகனாகிய புணிசன் என்பான் தொதவரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்பது அக்கல்வெட்டு தரும் செய்தி. ஆகவே, இற்றைக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நீலமலை என்னும் பெயரும், தொதவர் என்னும் குடியும் நாடறிந்தவையாக இருந்தன. ஐரோப்பியருள்ளும், 1603ஆம் ஆண்டில் பெனிசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து மலையேறித் தொதவரைக் கண்டு சென்றார்.

மலைமேல் வாழ்ந்த குடிகள் பல. தொதவர் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் படைத்தனர். பாற்கொட்டிலே அவர்களுக்குக் கோயில். அவர்தம் சிற்றூர்க்கு மந்து என்று பெயர். கோத்தர் இரும்பு அடித்தனர், மட்கலம் வனைந்தனர், விழாவிற்கு இசை முழக்கினர். படகர் உழுது பயிர் செய்தனர். குறும்பர் காட்டுத் தேனும் மருந்தும் கொணர்ந்தனர். இருளர் மலைச்சரிவுகளில் வாழ்ந்தனர். நாணயம் கைம்மாறாமல், நெய்க்குத் தானியமும், தானியத்திற்குக் கலமும், கலத்திற்குத் தேனுமாக இவர்கள் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தனர். இவர்களுக்குள் உயர்வு தாழ்வும் அச்சமும் பூசலும் இல்லாமற்போகவில்லை. எனினும் மலை எல்லார்க்கும் வாழ்விடமாக இருந்ததேயன்றி, எவர்க்கும் பொழுதுபோக்கிடமாக இருந்ததில்லை.

கும்பினியார் வருகை

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் நீலகிரி கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டது. எனினும், சில ஆண்டுகள் வரை அவர்கள் அம்மலையைப் பொருட்படுத்தவில்லை. 1812ஆம் ஆண்டில் கீஸ், மக்மேகன் என்னும் நில அளவையாளர் இருவர் அனுப்பப்பட்டனர். 1818ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டரின் உதவியாளராகிய விஷ், கிண்டர்ஸ்லி என்பார் மலையேறினர். சுட்டெரிக்கும் சமவெளியின்மேல் தம் நாட்டுத் தட்பவெப்பத்தை ஒத்த ஒரு நிலம் இருப்பதைக் கண்டு வியந்தனர். அவர்கள் கூறியதைக் கேட்ட கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தாமே புறப்பட்டுச் சென்றார்.

சல்லிவன் துரை செயல்வீரர். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கத்திற்குப் பாதை ஒன்று அவருடைய முயற்சியால் வெட்டப்பட்டு 1823ஆம் ஆண்டில் முடிவுற்றது. அவ்வேலையில் சிறைக்கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். கோத்தகிரிக்கு அருகிலுள்ள கன்னேரிமுக்கில் அவர் அமைத்த பங்களா புதுப்பிக்கப்பட்டு இக்காலத்தில் நினைவகமாக விளங்குகின்றது. பின்னர் அவர் உள்ளம் ஒத்தக்கமந்து என்று வழங்கிய தொதவர் மந்தின் பக்கம் சென்றது. அங்கே 1822ஆம் ஆண்டில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதனைக் கல்பங்களா என்றனர். அவ்வீடு இந்நாளில் அரசினர் கலைக்கல்லூரி வளாகத்தினுள் இருக்கின்றது. ஓடைகளை மறித்து ஏரி அமைத்தவரும் அவரே. உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்கறிகளும் பழமரங்களும் மலையில் வேரூன்றியதும் அவருடைய முயற்சியாலேயாம். மந்து இருந்த இடத்தில் நகரம் எழுந்தது. மந்தின் பெயர் மட்டும் ஆங்கிலேயர் நாவிற் சிதைந்து, ஊட்டி என்று குறுகி, நம் நாவிலும் அவ்வாறே நிலைத்துவிட்டது.

நிலம் யாருடையது?

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய வழக்கு ஒன்றுண்டு. அது நிலம் பற்றியது. சல்லிவன் தொதவரிடம் ஏக்கர் ஒரு ரூபாய் விலைக்கு நிலம் வாங்கினார் என்று கூறுவர். விலை அற்பமே. பெருநிலம் அவர் கைக்கு வந்ததும் உண்மையே. ஆயினும், நிலத்திற்கு உடையவர் தொதவரே, அவர்க்கு ஈடு கொடாமல் அதனை எடுத்தல் நெறியன்று என்று அவர் மேலிடத்தாரிடம் வாதாடினார். அக்காலத்துச் சென்னைக் கவர்னராகிய லஷிங்டன் துரையின் கருத்து வேறு. 1827 முதல் 1832 வரை ஆட்சி புரிந்த அவர், உதகையை நோயுற்ற படைவீரரும் உத்தியோகஸ்தரும் உடல் தேறும் இடமாக்க முனைந்து நின்றார். நிலம் அரசாங்கத்தினுடையது, தொதவர்க்கு உள்ளது மேய்ச்சல் உரிமை ஒன்றே என்பது அவர் பக்கத்தாருடைய கொள்கை. முடிவில் வென்றது அக்கொள்கையே. பின்னாளில் மந்து ஒவ்வொன்றிற்கும் இவ்வளவு என்று ஒரு சிறு பரப்பை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நிலத்தைத் துரைத்தனத்தார் தம் விருப்பப்படி ஆண்டனர்.

இதன் நுட்பத்தை அன்பர்கள் சிந்திக்க வேண்டும். உழுத நிலத்திற்கே உரிமை உண்டு, உழாத நிலம் தரிசு என்பது சமவெளி வரிக்கணக்கின் முறை. தொதவர் உழவர் அல்லர். புல்வெளியே அவர்க்கு வயல், எருமையே அவர்க்கு விளைவு. பருவந்தோறும் மேய்ச்சல் மாறிச் செல்லும் அவர்களுடைய நிலம், வரிக்கணக்கு எழுதுவோன் கண்ணுக்குக் காலியிடமாகத் தோன்றிற்று. காலியிடம் என்று எழுதப்பட்ட அன்றே அது பிறருக்கு உரியதாயிற்று. வாளால் கொண்ட நிலத்தை வாளால் மீட்டவர் உண்டு. எழுதுகோலால் கொண்ட நிலத்தை மீட்டல் அரிது.

1829ஆம் ஆண்டில் கடைக்கால் இட்டு 1830ஆம் ஆண்டில் முடிவுற்ற புனித ஸ்தேவான் தேவாலயம் உதகையில் எல்லாரும் காணும் கட்டடங்களுள் ஒன்று. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் மாளிகையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வீழ்ந்த அரசனுடைய மரம், வென்ற அரசினருடைய தொழுகைக்குக் கூரையாயிற்று. அத்தேவாலயத்து இடுகாட்டிலேயே சல்லிவனுடைய மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். மலையால் ஆக்கம் பெற்றோர்க்கும் அம்மலையில் துயரம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை.

தோளின்மேல் ஏறிய துரைத்தனம்

1834ஆம் ஆண்டில் மெக்காலே பிரபு சென்னைத் துறையில் இறங்கினார். கவர்னர் ஜெனரலாகிய பெண்டிங்க் பிரபு அப்போது உதகையில் தங்கியிருந்தார். அவரைக் காணும்பொருட்டு மெக்காலே ஏறக்குறைய 400 மைல் தூரமும் பல்லக்கிலேயே பயணம் செய்தார். அதாவது, 400 மைலும் மனிதர் தோளின்மேல் சென்றார். இந்நாட்டின் சட்டங்களை எழுத வந்த பெருமகனார் பெயரைச் சரித்திரம் பொன்னெழுத்தில் பொறித்திருக்கின்றது. அவரைச் சுமந்த தோள்களுக்கு உரியவர் யாவர், அவர் எவ்வூரினர், மலைக்குளிரில் அவர்க்குப் போர்வை இருந்ததா என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

முதலில் நோயாளிகள் ஏறினர். பின்னர் உத்தியோகஸ்தர் ஏறினர். அதன்பின் துரைத்தனமே ஏறிற்று. 1870ஆம் ஆண்டு முதல் உதகை சென்னை இராஜதானியின் கோடைத் தலைநகரமாயிற்று. ஆண்டில் ஏறக்குறைய அரையாண்டுக் காலம் கவர்னரும், அவருடைய ஆலோசனைச் சபையாரும், காரியதரிசிகளும், கட்டுக்கட்டான காகிதங்களும் மலைமேல் இருக்கும். மனுக்கொடுக்க வேண்டிய குடியானவன் கீழே இருப்பான். இவ்வழக்கத்தைச் சென்னையில் பலர் கண்டித்தனர். எனினும் வெள்ளையராட்சியின் இறுதிக்காலம் வரையில் அது முற்றும் ஒழிந்தபாடில்லை.

1876 முதல் 1878 வரை நம் நாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வருத்திற்று. சென்னை இராஜதானியில் இலட்சக்கணக்கான மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். நம் குடும்பங்களில் முதியோர் வாய்வழியாக அப்பஞ்சத்தின் கொடுமையைக் கேளாதவர் சிலரே இருப்பர். அக்காலத்தில் கவர்னராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். உதகையில் கவர்னர் மாளிகை எழுந்ததும் அவருடைய ஆட்சியில், அப்பஞ்ச ஆண்டுகளை ஒட்டியே. பஞ்ச நிவாரணத்திற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. கீழே கூழ்த்தொட்டியின் முன் மக்கள் வரிசையில் நின்ற அதே பருவத்தில், மேலே மாளிகை ஒன்று உருவாகி வந்தது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டுகின்றோம். அம்மாளிகை இன்று தமிழ்நாட்டு ஆளுநருடைய உதகை இல்லமாக இருக்கின்றது.

மலைமேல் துரைமார் வாழ்வு எவ்வாறிருந்தது? வேட்டை நாய்களோடு குதிரையேறி நரி துரத்தினர். குதிரைப் பந்தயம் நடத்தினர். ஏரியைச் சுற்றி வண்டியில் உலாவினர். 1875ஆம் ஆண்டில் ஜபல்பூரில் தோன்றிய ஸ்னூக்கர் ஆட்டத்திற்குரிய விதிகள் பிற்காலத்தில் எழுத்திற் பொறிக்கப்பட்டு மாட்டப்பட்டது உதகைக் கிளப்பிலேதான் என்பர். இத்தகைய கிளப்புகளில் நெடுங்காலம் இந்தியர் உறுப்பினராக ஏற்கப்படவில்லை. மேசையருகே உணவு ஏந்தி நிற்கவும், வாயிலில் குடை பிடிக்கவும் மட்டுமே நம்மவர் உள்ளே செல்லலாம். நம் நாட்டு மன்னர்களோ, அவ்வாயிலுக்கு அருகிலேனும் இருத்தல் பெருமை என்று கருதினர்போலும். மைசூர், பரோடா, ஜோத்பூர் முதலிய சமஸ்தானத்தார் தத்தமக்கு அரண்மனைகளை அங்கே அமைத்துக்கொண்டனர்.

கொய்னாவும் தேயிலையும் இருப்புப்பாதையும்

நிழல் தேடி வந்தவர்கள் விரைவில் மலையின் விளைவையும் நாடினர். 1848ஆம் ஆண்டில் மக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் வந்து அரசினர் தாவரத் தோட்டத்தை அமைத்தார். ஏறக்குறைய 55 ஏக்கர் பரப்புடைய அத்தோட்டத்தின் அழகை மறுப்பார் யார்? 1896ஆம் ஆண்டு முதல் நடைபெறத் தொடங்கிய மலர்க்காட்சிக்கு இடம் அதுவே. அத்தோட்டத்தின் மேற்புறத்தில் இன்றும் ஒரு தொதவர் மந்து உள்ளது. பூக்களைக் காண வருவோருள் அம்மந்தினை நிமிர்ந்து நோக்குவோர் மிகச் சிலர்.

1860ஆம் ஆண்டில், தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சிங்கோனா மரம் தொட்டபெட்டாவில் நடப்பட்டது. அதன் பட்டையிலிருந்தே மலேரியா சுரத்திற்குரிய கொய்னா மருந்து எடுக்கப்படும். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் வேலைசெய்யச் சீனக் கைதிகள் மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டனர். பின்னர்த் தேயிலையும் காப்பியும் பரவின. தோட்ட வேலைக்குக் கோயமுத்தூர், சேலம், மைசூர்ச் சீமை முதலிய இடங்களிலிருந்து ஏழைகள் மேஸ்திரிகள் வாயிலாகத் திரட்டப்பட்டனர். முன்பணம் என்னும் கயிற்றால் கட்டப்பட்டு அவர்கள் மலையேறினர். கடன் தீருமுன் கீழிறங்குதல் அவர்களுக்கு எளிதாக இல்லை. அவர்களுள் நம் குலத்தாரும் இருந்திருத்தல் கூடும். இல்லையாயினும் அவர்கள் நம்மவரே.

விறகிற்காக 1843ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் கொணரப்பட்டது. சீகை என்று மலையார் வழங்கும் மரமும் அந்நாட்டினின்று வந்ததே. இவை புல்வெளிகளை மூடிப் பரவின. சோலைக்காடும் புல்வெளியும் இணைந்திருந்த பழைய அமைப்பே, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து ஆண்டு முழுவதும் ஓடையில் விடுவது. அது குன்றியதால் எருமைக்குப் புல் குன்றிற்று. ஓடைக்கு நீர் குன்றிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலையை நீலமாக்கும் குறிஞ்சிக்கும் இடம் குறுகிற்று. நம் முன்னோர் மலைநிலம் முழுமைக்குமே அப்பூவின் பெயரை இட்டனர் என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் வருந்துகின்றது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1908ஆம் ஆண்டில் அது உதகை வரை நீண்டது. ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 குகைகளும், 250 பாலங்களும், 208 வளைவுகளும் உள்ளன. தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விப் பிடித்து மேலேறும். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தான பாதையில் வண்டி பின்னோக்கி வழுவாதிருப்பது இவ்வமைப்பினாலேயே. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாறையைக் குடைந்தவரும் பாலத்திற்குக் கல் சுமந்தவரும் பெயர் தெரியாத தொழிலாளரே. அவ்வண்டியில் ஏறும் நம் பிள்ளைகளுக்குக் குகைகளின் எண்ணிக்கையைக் கூறும்போது, அவற்றைக் குடைந்த கைகளையும் கூறுதல் வேண்டும்.

நடுநிலைமை கருதி ஒன்று சொல்லவேண்டும். அம்மலையில் ஆங்கிலேயர் செய்தவை யாவும் தீமையல்ல. கொய்னா எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 1907ஆம் ஆண்டில் குன்னூரில் தோன்றிய பாஸ்டர் ஸ்தாபனம் வெறிநாய்க்கடிக்கு மருந்து அளித்தது. மக்காரிசன் என்னும் அறிஞர் குன்னூரில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி, பின்னர் ஹைதராபாத்திற்கு மாற்றப்பட்டு நாடு முழுவதற்கும் பயன்படுகின்றது. இவை போற்றத்தக்கவை. மலைக்கு வந்தவர் பலருள், தாம் மட்டும் இளைப்பாற வந்தவர் விட்டுச்சென்றவை பழைய பங்களாக்களே. பிறர் நோய் தீர்க்க முயன்றவர் விட்டுச்சென்றவை இன்றும் உயிர் காக்கின்றன.

வாயில் திறந்தபின்

1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. அரசு மலையேறும் வழக்கம் ஒழிந்தது. துரைமார் சென்றனர். மக்கள் சென்று காணும் உரிமை பெற்றனர். எளிய குடும்பமும் ஏரியில் படகேறலாம் என்னும் நிலை வந்தது. இது பெரும் நன்மை. இதனை நாம் கொண்டாடுகின்றோம்.

மற்றொரு கூட்டமும் மலைக்கு வந்தது. அது கேளிக்கைக்கு வந்ததன்று. இலங்கையின் மலைநாட்டில் ஆங்கிலேயர் தேயிலைத் தோட்டங்களை உழைத்து உருவாக்கிய தமிழர், அந்நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமை இழந்து நின்றனர். 1964ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் தாய்நாடு திரும்பினர். அவர்களுக்கு வேலை அளிக்கும்பொருட்டு 1968ஆம் ஆண்டில் அரசு தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கப்பெற்று, பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஒரு மலையில் பல தலைமுறை உழைத்து, அங்கே அயலார் எனப்பட்டு, மற்றொரு மலையில் மீண்டும் கொழுந்து பறிக்கக் கூடை ஏந்தியவர்கள் இவர்கள். உதகைக்குச் செல்லும் நாம் தேயிலைச் சரிவின் பசுமையைப் புகழ்கின்றோம். கூடை சுமந்த முதுகை எண்ணுகின்றோமா?

வாயில் திறந்தபின் கூட்டம் பெருகிற்று. விடுதிகள் அடுக்கடுக்காக எழுந்தன. சல்லிவன் அமைத்த ஏரியின் ஒரு பகுதி தூர்ந்து மேடாயிற்று. எஞ்சியதில் நகரத்துக் கழிவுநீர் நெடுங்காலம் கலந்தது. சரிவுகளை வெட்டிக் கட்டடம் எழுப்பியதற்கும், வேர் பிடித்த மண்ணை இளக்கியதற்கும் மலை கணக்குக் கேட்டது. 1978, 1979, 1993 ஆகிய ஆண்டுகளில் மண்சரிவுகள் நேர்ந்தன. 2009ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மாண்டவருட் பெரும்பாலோர் விடுதியில் தங்க வந்தவரல்லர். மலையில் வாழ்ந்த எளியவர்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெறுதல் வேண்டும் என்றாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடையில், நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டிகளும் வார இறுதியில் 8,000 வண்டிகளுமே அனுமதிக்கப்படலாம் என்று வரையறை செய்யப்பட்டது. ஒரு காலத்தில் நம்மவர்க்கு வாயில் அடைக்கப்பட்டது நிறத்தால். இக்காலத்தில் வாயிலில் எண்ணிக்கை பார்க்கப்படுவது நம் மிகுதியால். முன்னதற்கு நாணவேண்டியவர் துரைமார். பின்னதற்கு நாணவேண்டியவர் நாம்.

நம் கடமை யாது?

இனி, சங்கத்து அன்பர்களின் கருத்திற்கு வருவோம். 'நம் பொருள், நம் இல்லம், நம்மவர் தங்குகின்றனர். இதில் பிறர்க்கு என்ன?' என்று சிலர் வினவலாம். உதகைக் கிளப்பின் துரைமாரும் இவ்வாறே வினவியிருப்பர். 'நாங்கள் தண்டிய பொருள், நாங்கள் எழுப்பிய மன்றம், எங்களவர்க்கே உரியது' என்றுதான் அவர்களும் வாயிலில் காவல் வைத்தனர். அவ்வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் பேரர் நாம். உட்புகும் உரிமை பெற்றவுடன் நாமும் ஒரு வாயில் கட்டி, அதில் பிறரைத் தடுக்க ஒரு பலகை தொங்கவிடுவோமாயின், துரைமார் போயினர், துரைத்தனம் போகவில்லை என்றே பொருளாகும்.

'பிற குலத்தார் பலர் ஆங்காங்கே இல்லம் அமைத்திருக்கின்றனரே, நாம் மட்டும் பின்தங்குவதா?' என்றும் கேட்பர். மைசூர் மன்னர் கட்டினார் என்று பரோடா மன்னரும், அவர் கட்டினார் என்று ஜோத்பூர் மன்னரும் கட்டியதை மேலே கண்டோம். அவ்வரண்மனைகள் அவர்கள் குலத்திற்குத் தந்த பெருமை யாது? சில விடுதிகளாயின, ஜோத்பூரார் மாளிகை தமிழகம் என்னும் பெயருடன் அரசினர் விருந்தினர் இல்லமாயிற்று. போட்டியால் எழுந்த கட்டடத்திற்கு ஆயுள் உண்டு, பெருமை இல்லை.

ஆகவே யாம் பணிவுடன் தெரிவித்துக்கொள்வன மூன்று. முதலாவது, மலையில் புதிதாக ஒரு சரிவையும் வெட்டிக் கட்டடம் எழுப்புதல் வேண்டா. தங்குமிடம் இன்றியமையாதது என்று மகாசபை கருதுமாயின், ஏற்கெனவே உள்ள ஒரு வீட்டை வாடகைக்குக் கொள்வதே போதும். இரண்டாவது, அவ்வீடு எக்குலத்தார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். நம் சங்கத்தின் பெயர் வாயிலில் இருக்கலாம். பிறரை விலக்கும் சொல் அங்கே இருத்தலாகாது. மூன்றாவது, கோடை இல்லத்திற்கென்று திரட்ட எண்ணிய பொருளில் பெரும் பகுதியைக் கல்வி நிதியாக்கி, நம் குலத்து ஏழை மாணவர்க்கு வழங்குவதோடு, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் தொதவர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் முதலிய மலைக்குடிகளின் பிள்ளைகளுக்கும் உதவுதல் வேண்டும். மலை நமக்குத் தந்த நிழலுக்கு நாம் தரக்கூடிய கைம்மாறு அதுவேயாம்.

மலைக்குச் செல்லும் குடும்பத்தார்க்கும் ஒரு வார்த்தை. மந்து என்பது பிறர் வீடு. அழையாமல் உள்ளே நுழைவதும், கேளாமல் படம் எடுப்பதும் நாகரிகமன்று. தொதவர் பூத்தையல் 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். அதனைப் பேரம் பேசிக் குறைக்காமல் தைத்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். மே மாதத்திலேயே எல்லாரும் ஏறவேண்டும் என்னும் நியதி இல்லை. கொண்டுசென்ற குப்பையைக் கீழே கொண்டுவருதல் இழிவன்று. மேலே விட்டுவருதலே இழிவு.

நம் முன்னோர் பல்லக்கில் ஏறியவர் அல்லர். அதனைத் தோளில் தாங்கியவர் பக்கம் நின்றவர். தோளின் வருத்தம் அறிந்தவர்க்கே பிறர் தோளின்மேல் ஏறாதிருக்கும் அறிவு வாய்க்கும். அவ்வறிவினை நம் சங்கம் இம்மலை விஷயத்தில் நாட்டிற்குக் காட்டுமாயின், கல்லால் கட்டும் இல்லத்தினும் அது நெடிது நிற்கும். மகாசபை கூடும்போது உறுப்பினர் யாவரும் இதனைச் சிந்தித்து முடிவு செய்வார்களாக.